விரல் நுனியில் ஒரு பள்ளிக்கூடம்!

தொட்டுப் பார்க்கும் குழந்தையைத் தடுக்காதீர்கள்

குமாரபாளையம், காவிரிக்கரை ஊர். ஆற்றைத் தாண்டினால் அக்கரையில் பவானி. ஊருக்குள் கால் வைத்ததும் காதில் விழுவது தறிச் சத்தம். லுங்கியும் துண்டும் நெய்கிற ஊர் இது. அக்கரையில் பவானி ஜமக்காளம்.

நூலோடு வாழ்கிறவர்களின் விரல்களுக்குத் தனி அறிவு உண்டு.

அனுபவம் மிகுந்த ஒரு நெசவாளியிடம் ஒரு துணியைக் கொடுத்துப் பாருங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். "இது முரட்டு நூல். இருபதாம் நம்பர் இருக்கும்" என்பார். இன்னொன்றைக் கொடுத்தால், "இது நைசு. அறுபதுக்குக் குறையாது" என்பார்.

நூலின் நம்பர் என்பது என்ன? 840 கஜ நீள நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ, அதுதான் நூலின் நம்பர். இருபது சிட்டம் நின்றால் இருபதாம் நம்பர். அறுபது நின்றால் அறுபதாம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும்.

தராசும் இல்லை, கஜக்கோலும் இல்லை. விரல் நுனியே அந்தக் கணக்கைச் சொல்லி விடுகிறது!

இந்த அறிவை அவர் எங்கே படித்தார்? எந்தப் பள்ளிக்கூடத்திலும் அல்ல. தவழ்ந்த நாளிலேயே நூலைத் தொட்டார். பஞ்சைப் பிய்த்தார். கஞ்சி போட்ட பாவைத் தடவினார். விரல் தானாகவே படித்துக் கொண்டது.

இப்போது அவருடைய பேரக்குழந்தையைப் பாருங்கள். வயது மூன்று. கையில் செல்போன். திரையில் ஒரு பூனை வருகிறது. குழந்தை அதைத் தொடுகிறது. கண்ணாடி! ஒரு கல் வருகிறது. தொடுகிறது. அதுவும் கண்ணாடி! பஞ்சு வருகிறது. அதுவும் அதே கண்ணாடி!

பூனையின் மென்மையும், கல்லின் கடினமும், பஞ்சின் மெத்தென்ற சுகமும் அந்த விரலுக்குத் தெரியாமலே போகின்றன. தாத்தாவின் விரலுக்குத் தெரிந்தது பேரனின் விரலுக்குத் தெரியவில்லை.

இது சிறிய இழப்பா? அல்ல!

முதலில் விழிக்கும் அறிவு

உலகில் உள்ள உயிர்களைத் தொல்காப்பியம் ஆறு வகையாகப் பிரிக்கிறது. ஓரறிவு உயிர்கள் புல்லும் மரமும். அந்த ஓர் அறிவு எது? தொட்டு உணரும் அறிவுதான். சுவையும் மணமும் பார்வையும் கேள்வியும் அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக வருகின்றன.

மனிதக் குழந்தைக்கும் இப்படித்தான். தாயின் வயிற்றில் கரு சுமார் எட்டு வாரம் வளர்ந்த நிலையிலேயே, வாயைச் சுற்றிய இடத்தில் தொடு உணர்வு தொடங்கி விடுகிறது. கண் திறப்பதற்கு வெகு நாள் முன்பே தோல் விழித்துக் கொள்கிறது!

பிறந்த குழந்தை எதைக் கண்டாலும் வாயில் வைக்கிறதே, ஏன்? பசியால் மட்டும் அல்ல. உதடும் நாக்கும்தான் அதன் முதல் விரல்கள். "இது என்ன?" என்று அது வாயால் கேட்கிறது. சில மாதங்கள் சென்றதும் அந்த வேலையைக் கை எடுத்துக் கொள்கிறது.

தொட்டால் நமக்கு எப்படித் தெரிகிறது? தோலில் ஏற்படும் அழுத்தம், நரம்பு வழியாக மூளைக்குப் போகும் செய்தியாக எப்படி மாறுகிறது? இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்கு நெடுங்காலம் ஆயிற்று. சூட்டையும் தொடுதலையும் உடம்பு உணரும் முறையைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் என்ற இருவருக்கும் 2021-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கம்பித் தாயும் துணித் தாயும்

1958-ம் ஆண்டு அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்.

குரங்குக் குட்டிகளைத் தாயிடம் இருந்து பிரித்தார். அவற்றுக்கு இரண்டு பொம்மைத் தாய்களைக் கொடுத்தார். ஒன்று, வெறும் கம்பியால் செய்தது. இன்னொன்று, மெத்தென்ற துணி சுற்றியது.

கம்பித் தாயிடம் பால் புட்டி இருந்தபோதும் குட்டிகள் என்ன செய்தன? பசித்தபோது மட்டும் கம்பித் தாயிடம் போய்ப் பால் குடித்தன. மற்ற நேரமெல்லாம் துணித் தாயையே கட்டிக் கொண்டு கிடந்தன!

குட்டிகளைத் தாயிடம் இருந்து பிரித்தது கொடுமை என்று பலர் பிறகு கண்டித்தார்கள். அது நியாயமான கண்டனம். ஆனால் அந்தக் குட்டிகள் காட்டிய உண்மை நின்று விட்டது. பால் மட்டும் போதாது. குழந்தைக்குத் தொடுதலும் வேண்டும்.

நெசவு ஊரில் இதை விளக்கவே வேண்டியது இல்லை. அம்மாவின் பழைய சேலைதான் தொட்டில். அந்தத் துணி பட்டால்தான் குழந்தைக்குத் தூக்கம்!

ரோம் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்பு

தொட்டுப் பார்ப்பதையே ஒரு பாடமாக வைத்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலி நாட்டவர். பிறந்தது 1870-ம் ஆண்டு. டாக்டருக்குப் படித்தவர்.

ரோம் நகரில் சான் லோரன்சோ என்று ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று உண்டு. பெற்றோர் வேலைக்குப் போய் விடுவார்கள். சின்னக் குழந்தைகள் கவனிப்பார் இன்றிச் சுற்றித் திரியும். அங்கே 1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி அம்மையார் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார்.

அங்கே என்ன பாடம் நடந்தது? சின்ன மரப் பலகை ஒன்று. அதில் பாதி வழவழப்பு. மறு பாதியில் உப்புத்தாள் ஒட்டியது. குழந்தை இரண்டையும் தடவிப் பார்க்கும். பிறகு ஒரு பெட்டி நிறையத் துணிகள். வெல்வெட், பட்டு, கம்பளி, பருத்தி என்று ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டுகள். கண்ணை மூடிக் கொண்டு, தடவித் தடவியே ஜோடி சேர்க்க வேண்டும்!

பாடத்துக்கு முன் இன்னொரு சடங்கும் உண்டு. குழந்தை சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பிறகு விரல் நுனியை வெதுவெதுப்பான நீரில் நனைக்க வேண்டும். அழுக்குப் போனால் விரல் கூர்மை பெறும் அல்லவா? தடவும்போதும் அழுத்தக் கூடாது. மயிலிறகு படுவது போல மெல்லத் தடவ வேண்டும்.

அடையாறுக்கு வந்த அம்மையார்

இந்த அம்மையாருக்கும் தமிழ் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

1939-ம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்து வந்தது. அங்கே ஆசிரியர் பயிற்சி நடந்தது. சுமார் 300 பேர் சேர்ந்து படித்தார்கள். சில மாதம் இருந்து விட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு.

ஆனால் உலகப் போர் குறுக்கே வந்தது. 1940-ம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி போரில் குதித்தது. இத்தாலியர் எல்லாம் வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு எதிரிகள் ஆனார்கள். மரியோவைக் காவலில் வைத்தார்கள். அம்மையாரை அடையாறு எல்லைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி. அம்மையாருக்கு 70-வது பிறந்த நாள். அன்று அவருக்கு ஒரு பரிசு வந்தது. என்ன பரிசு தெரியுமா? மகனின் விடுதலை!

போர் முடியும் வரை அவர்கள் ஊர் திரும்பவில்லை. கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிப் பாடம் நடத்தினார்கள். சில மாதங்களுக்கு வந்தவர் பல ஆண்டுகள் தங்கினார். அவரிடம் படித்த ஆசிரியர்கள் நாடு முழுவதும் போய்ப் பள்ளிகள் நடத்தினார்கள். 1952-ம் ஆண்டு ஹாலந்து நாட்டில் அம்மையார் காலமானார்.

தொட்டால் போதாது!

இங்கே ஓர் இரகசியம் உண்டு. ஒரு துணியின் மேல் விரலை வைத்து அசையாமல் இருங்கள். அது எத்தகைய துணி என்று சரியாகத் தெரியாது. விரலை லேசாக நகர்த்துங்கள். உடனே தெரிந்து விடும்!

காரணம் என்ன? விரல் நகரும்போது தோல் நுட்பமாக அதிர்கிறது. அந்த அதிர்வில்தான் நைசும் முரடும் பிரிகின்றன.

இதை 1987-ம் ஆண்டு லெடர்மன், கிளாட்ஸ்கி என்ற இரண்டு பெண் அறிஞர்கள் விளக்கினார்கள். ஒவ்வொன்றை அறிவதற்கும் கைக்கு ஒவ்வொரு வேலை உண்டு.

சொரசொரப்பா, வழவழப்பா என்று அறியத் தடவ வேண்டும்.

கெட்டியா, மென்மையா என்று அறிய அழுத்த வேண்டும்.

சூடா, குளிர்ச்சியா என்று அறியக் கையை அசையாமல் வைக்க வேண்டும்.

கனமா, இலேசா என்று அறியத் தூக்க வேண்டும்.

உருவத்தை அறிய ஓரத்தைச் சுற்றிவர வேண்டும்.

மார்க்கெட்டில் அம்மா தேங்காயைத் தூக்கிப் பார்க்கிறார். மாம்பழத்தை அமுக்கிப் பார்க்கிறார். அதே வேலைதான்! குழந்தைக்கும் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மனித விரல் எவ்வளவு கூர்மையானது? 2013-ம் ஆண்டு சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் சோதித்தார்கள். வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள மேடு பள்ளத்தைக் கூட விரல் கண்டுபிடித்தது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்! கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிகிறது.

வீட்டில் இருக்கும் பொருளே போதும்

இதற்கெல்லாம் பணம் வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். குமாரபாளையத்தில் துணித் துண்டுக்கா பஞ்சம்?

துணி ஜோடி: லுங்கித் துண்டு, டர்க்கித் துண்டு, ஜமக்காளத் துண்டு, பட்டு ரவிக்கைத் துண்டு, சாக்குத் துண்டு, கம்பளித் துண்டு. ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவில் இரண்டு வெட்டிக் கொள்ளுங்கள். முதலில் சாக்கும் பட்டும் மட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

மஞ்சள் பை விளையாட்டு: மஞ்சள் பையில் ஒரு கரண்டி, ஒரு கொட்டாங்குச்சி, ஒரு மாவிலை, ஒரு கூழாங்கல் போடுங்கள். குழந்தை எட்டிப் பார்க்கக் கூடாது. கையை விட்டுத் தடவி, இன்னது என்று சொல்ல வேண்டும்.

"அம்மாயி, இது சொரசொரன்னு இருக்குது. கொட்டாங்குச்சி!"

"எங்கே, எடுத்துக் காட்டு கண்ணு!"

வெளியே எடுத்தால் கொட்டாங்குச்சியேதான்! அந்த முகத்தில் தெரியும் சந்தோஷத்துக்கு விலை உண்டா?

அடுப்பங்கரைப் பாடம்: ஒரு தட்டில் அரிசி, ஒரு தட்டில் ரவை, ஒரு தட்டில் ராகி மாவு. மூன்றிலும் கை விட்டு அளையட்டும். சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டை கொடுங்கள். உருட்டட்டும், தட்டட்டும், பிய்க்கட்டும். விரலுக்கு வலு வரும். நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகும் விரல் அது.

கால் பாடம்: கைக்கு மட்டும் அல்ல, காலுக்கும் பாடம் உண்டு. ஈர மணல், புல் தரை, சிமெண்டுத் தரை, ஜமக்காளம். செருப்பு இல்லாமல் நடக்க விடுங்கள். கண்ணாடியும் முள்ளும் இல்லாத இடமா என்று முதலில் பார்த்துக் கொள்ளுங்கள்.

மூன்று படிகள்

சொல்லிக் கொடுக்கும் முறையும் எளிதுதான். மூன்றே படிகள்.

முதல் படி: சொல்வது. "இது சொரசொர. இது வழவழ." அவ்வளவுதான். நீண்ட விளக்கம் வேண்டாம்.

இரண்டாம் படி: கேட்பது. "வழவழ எது? எடுத்துக் கொடு."

மூன்றாம் படி: சொல்ல வைப்பது. "இது எப்படி இருக்கிறது?"

தப்பாகச் சொன்னால் அதட்டக் கூடாது. சிரிக்கவும் கூடாது. முதல் படிக்குத் திரும்புங்கள். அல்லது நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டு விடுங்கள்.

இந்தப் பாடத்துக்குத் தமிழில் உள்ள செல்வம் கொஞ்சமா? வழவழ, சொரசொர, பிசுபிசு, கொழகொழ, நறநற, மெதுமெது, மொறமொற, வெதுவெது! சொல்லைக் கேட்டாலே விரலில் உணர்வு வருகிறது. ஒவ்வொரு சொல்லையும் பொருளைத் தொட்டுக் கொண்டே கற்ற குழந்தை அதை மறக்காது. தொட்டது ஒரு பொருள். கிடைத்தது ஒரு சொல்!

உப்புத்தாள் எழுத்து

எழுத்தையும் விரலால் படிக்கலாம். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். விஜயதசமி அன்று தட்டில் அரிசி பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. விரல் அறிந்ததை மனம் அறியும் என்பது நம் முன்னோர் கண்ட வழிதான்.

மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை எழுதும் திசையிலேயே விரலை ஓட்டும். வாய் அந்த ஒலியைச் சொல்லும். கண் பார்க்கும். மூன்று வழியாக ஓர் எழுத்து உள்ளே போகும்!

உப்புத்தாள் ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். நைசானதாக வாங்குங்கள். முதலில் ட, ப, ம என்ற எழுத்துக்களைச் செய்யுங்கள். நேர்கோடுகள் நிறைந்தவை. விரலுக்குச் சுலபம். வளைவுள்ள அ, இ எல்லாம் பிறகு.

கண் இல்லாதவருக்கு விரலே கண்

பிரான்சு நாட்டில் லூயி பிரெயில் என்ற சிறுவன் இருந்தான். அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் அப்பாவின் குத்தூசியை எடுத்து விளையாடினான். ஊசி கண்ணில் குத்தியது. சீழ் பிடித்து இரண்டு கண்ணும் போயின.

அந்தச் சிறுவன் 15 வயதில், 1824-ம் ஆண்டு, ஆறு புள்ளிகளைக் கொண்டு ஓர் எழுத்து முறையை உண்டாக்கினான். விரலால் தடவிப் படிக்கும் எழுத்து. இன்று உலகம் முழுவதும் கண் தெரியாதவர்கள் அதில்தான் படிக்கிறார்கள். தமிழுக்கும் அந்த எழுத்து உண்டு.

தமிழ் நாட்டில் 1890-ம் ஆண்டிலேயே பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். விரல் மட்டும் பழகி விட்டால் படிப்பு யாருக்கும் எட்டாதது அல்ல என்று அந்தப் பிள்ளைகள் காட்டினார்கள்.

பிரெயில் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அது பெற்றோருக்கு!

இவை கூடாது!

தொட விடுங்கள் என்றால் எதையும் தொட விடுங்கள் என்று பொருள் அல்ல.

விசைத்தறி ஓடும் இடத்தில் குழந்தைக்கு வேலை இல்லை. சாயப் பொடி, பிளீச்சிங் பவுடர், கத்தி, ஊசி, சுடு பாத்திரம், மின்சாரப் பிளக்கு இவற்றை எட்டாத இடத்தில் வையுங்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் புளியங்கொட்டை, கடலை, பட்டன் போன்ற சிறு பொருளைக் கொடுக்காதீர்கள். தொண்டையிலோ மூக்கிலோ அடைத்துக் கொள்ளும். பெரிய குழந்தையானாலும் பக்கத்திலேயே இருங்கள்.

ஆற்றங்கரை மணல் நல்லதுதான். ஆனால் காவிரியை நம்பிக் குழந்தையை ஒரு நிமிஷம் கூடத் தனியே விடாதீர்கள்.

தொட மறுக்கும் குழந்தையை வற்புறுத்தாதீர்கள். சில குழந்தைகளுக்குப் பிசுபிசுப்பு பிடிக்காது. முதலில் ஒரு குச்சியால் கிளறட்டும். பிறகு ஒரு விரல். பிறகு கை. எந்தத் துணி பட்டாலும் அழுகிறது, சூடு பட்டும் உணரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இது விளையாட்டு. தொழில் அல்ல. குழந்தையின் விரல் கூர்மையானது என்று தறி வேலைக்கு இழுத்து விடக் கூடாது. 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம்.

செல்போன்? இரண்டு வயது ஆகும் வரை பொழுதுபோக்காகத் திரையைக் காட்டவே வேண்டாம், அதன் பிறகு ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டு ஆலோசனை கூறியது.

படிக்காத தாயும் ஆசிரியைதான்

"நான் என்ன படித்தேன்? என் குழந்தைக்கு என்ன சொல்லித் தரப் போகிறேன்?" என்று சில தாய்மார்கள் மனம் சோர்கிறார்கள். எல்லாவற்றையும் பள்ளிக்கூடம் பார்த்துக் கொள்ளும் என்று விட்டு விடுகிறார்கள்.

அந்தத் தாயின் கையைப் பாருங்கள். மாவு பதமா என்று விரலால் அறிகிறது. குழந்தைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டே அறிகிறது. அறுந்த நூலைத் தடவி எடுத்து முடிகிறது. எவ்வளவு அறிவு அந்தக் கையில்! அதைப் பிள்ளைக்குக் கொடுக்க எழுத்துத் தெரிய வேண்டியது இல்லை. பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

தாத்தாவுக்கும் இதில் பங்கு உண்டு. தறியை விட்டு எழுந்ததும் பேரனை மடியில் உட்கார வைத்துக் கொள்ளட்டும். செல்போனை அலமாரியில் வைத்து விட்டு இரண்டு துண்டுத் துணியைக் கையில் கொடுக்கட்டும்.

"கண்ணை மூடிக்க சாமி. எது முரடு? எது நைசு?"

பேரன் தடவுவான். யோசிப்பான். சரியாகச் சொல்லி விட்டால் கை தட்டுவான்.

தாத்தாவின் விரலில் ஐம்பது ஆண்டுகளாகச் சேர்ந்த அறிவு, பேரனின் விரலுக்கு இறங்கத் தொடங்கி விட்டது. அவன் நாளைக்கு நெசவாளி ஆக வேண்டும் என்பது இல்லை. டாக்டர் ஆகலாம். தச்சர் ஆகலாம். எந்தத் தொழிலுக்குப் போனாலும் அந்த விரல்கள் அவனுக்குத் துணை நிற்கும்.

அடுத்த முறை உங்கள் குழந்தை எதையாவது தொடக் கை நீட்டினால், "தொடாதே!" என்று சொல்லும் முன் ஒரு கணம் பாருங்கள். ஆபத்து இல்லாத பொருளா? தொடட்டும். அந்தச் சின்ன விரல் நுனியில் ஒரு பள்ளிக்கூடம் நடந்து கொண்டிருக்கிறது!